அக்காக்குயில் சொல்ல வந்தது

பறவைகள் எல்லாம் ஒரே பேச்சு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தலைவலி, காய்ச்சல், கூடு ஒழுகுது, பிள்ளை இரை எடுக்க மாட்டேங்குது என்று எது வந்தாலும் போய்ச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. கண்மாய்க் கரையில் ஒரு புங்கமரம். அதன் அடியில் சருகுகளின் மேல் ஏழு தவிட்டுக்குருவிகள் உட்கார்ந்திருக்கும். ஏழும் அக்கா தங்கைகள். மூத்தவள் பேர் பேச்சாயி. இப்போதும் பார்க்கிறீர்களே, வேலியோரம் கூட்டமாகத் தத்திக்கொண்டு, ஓயாமல் வாயடித்துக்கொண்டு திரிகிற மண்நிறக் குருவிகள், அவர்கள்தான். அன்றைக்கும் இதே வாய்தான். ஆனால் அன்றைக்கு அந்த வாயால் எல்லோருக்கும் உபகாரம் இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்து, இரை தேடுகிற வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். மரங்கொத்திக்கு மண்டையிடி. "பொழுதுக்கும் கொத்தினா வலிக்காம என்ன செய்யும்? நாலு கொத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்கு" என்பாள் பேச்சாயி. மைனாவின் கூட்டில் பூச்சித் தொல்லை. "ரெண்டு வேப்பிலை கொண்டுபோய் அடியில போடு. பிள்ளைகளைப் புழுதியில புரட்டிக் குளிப்பாட்டு." கொண்டலாத்திக்குக் கொண்டை இறகு ஒன்று ஒடிந்துவிட்டது, வெளியே தலைகாட்ட வெட்கம். "கருவேலம் பிசினை எடுத்து ஒட்டிக்கோ. ஆனா பார்த்து ஒட்டு. அது வெயிலுக்கும் விடாது, மழைக்கும் விடாது. எடுக்கணும்னா எங்கிட்டதான் வரணும், அதுக்கு வேற பக்குவம் இருக்கு."

அங்கே ஒரு முறை உண்டு. வந்தவர் கஷ்டத்தைச் சொன்னதும் உடனே வைத்தியம் சொல்ல மாட்டார்கள். முதலில் ஏழு பேரும் "அடப் பாவமே, எப்படித்தான் தாங்குற" என்று சொல்லி, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, வந்தவரின் கழுத்து இறகைக் கோதிவிடுவார்கள். பாதி நோவு அதிலேயே இறங்கிவிடும். அப்புறம்தான் வைத்தியம். கிளம்பும்போது பேச்சாயி ஒன்றே ஒன்று கேட்பாள்: "நாளைக்கு வந்து எப்படி இருக்குன்னு சொல்லு." குணமாகியிருந்தால் கூடிச் சந்தோஷப்படுவார்கள். ஆகவில்லையென்றால் வேறு வழி யோசிப்பார்கள். சொல்லாமல் இருந்துவிட்டவர்களை நினைத்துப் பேச்சாயிக்கு இரை இறங்காது.

அந்தப் புங்கமரத்துக்கு நாள் தவறாமல் வந்தவள் நாச்சி என்கிற குயில். சாம்பல் நிறம், மெலிந்த உடம்பு. வேறு காட்டிலிருந்து வந்தவள், சொந்தபந்தம் என்று இங்கே ஒருவரும் இல்லை. ஏழு பேரையுமே அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நாச்சிக்குக் கூடு கட்ட வராது. மற்றதெல்லாம் வரும், அது மட்டும் வராது. அந்த வருஷம் முதல் முட்டையை இட்ட அன்றே காற்றடித்துக் கூடு கீழே விழுந்தது. ஓடி வந்தாள். "அடப் பாவமே" என்றார்கள். "வெறும் வைக்கோல் நிக்காது புள்ள, சிலந்தி நூலை வச்சு இறுக்கிக் கட்டு" என்றாள் பேச்சாயி. கட்டினாள். இரண்டாவது முட்டையை எறும்பு அரித்தது. மறுபடி வந்தாள். கோதிவிட்டார்கள், வழி சொன்னார்கள். மூன்றாவது முட்டையை வல்லூறு வந்து தூக்கிக்கொண்டு போனது. அன்றைக்கு நாச்சி அழுத அழுகையில் புங்கமரத்தடியில் இருந்த அத்தனை பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் ஒண்ணு வயித்துல இருக்குக்கா. இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி" என்றாள்.

பேச்சாயி அவளைத் தன் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். "எங்க கூடு இருக்கிற இடத்தைப் பாரு. இலந்தைப் புதருக்கு உள்ளே, சுத்திலும் முள்ளு. வல்லூறு மூக்கை நுழைக்க முடியாது. நீயும் அப்படி ஒரு புதருக்குள்ள கட்டு. கட்டிட்டு நாளைக்கு வந்து சொல்லு. முடியலைன்னாலும் வந்து சொல்லு, நாங்க ஏழு பேரும் வந்து கட்டித் தர்றோம்."

நாச்சி அன்று பொழுது சாயும்வரை முள்ளோடு போராடினாள். காலில் குத்தியது, கண்ணோரம் கீறியது. கொண்டுபோன நாரெல்லாம் முள்ளில் மாட்டிக் கிழிந்ததே தவிரக் கூடு ஆகவில்லை. சரி, அக்கா சொன்னாளே, போய்ச் சொல்வோம் என்று மறுநாள் உச்சிவெயிலில் வந்தாள்.

வந்த நேரம் சரியில்லை. ஏழு பேரில் மூன்றாமவள் சடைச்சி. நல்லவள்தான், மனதில் ஒன்றும் கிடையாது. ஆனால் அன்றைக்கு விடிந்ததிலிருந்து அவளுக்கு ஒன்றும் நல்லபடியாக நடக்கவில்லை. பிள்ளைக்கு இருமல், இரையும் சரியாகக் கிடைக்கவில்லை. நாச்சியைத் தூரத்தில் பார்த்ததும், "வந்துட்டா. இன்னிக்கும் அந்த முட்டைக் கதைதானா" என்று அலுத்துக்கொண்டாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் நாச்சியின் காதில் விழுந்துவிட்டது.

பேச்சாயி தங்கையை ஒரு கொத்து கொத்திவிட்டு, "வா நாச்சி, கட்டிட்டியா?" என்று கேட்டாள். நாச்சி அவளைப் பார்த்தாள், சடைச்சியைப் பார்த்தாள். எத்தனை நாள்தான் இவர்களைப் போட்டுப் படுத்துவது என்று தோன்றிவிட்டது. உடம்பெல்லாம் கூசியது.

"கட்டிட்டேன்க்கா. எல்லாம் சரியாப் போச்சு" என்று சிரித்தாள்.

நாமெல்லாம் சொல்லாத பொய்யா அது? யாராவது அக்கறையாக விசாரித்தால், அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று "பரவாயில்லை, குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அதேதான். ஏழு பேரும் சந்தோஷத்தில் கத்தித் தீர்த்தார்கள். சடைச்சிக்குத்தான் எல்லோரையும்விட அதிக சந்தோஷம், ஓடி வந்து கோதிவிட்டாள். பேச்சாயி மட்டும் நாச்சியின் கண்ணோரக் கீறலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருந்தாலும் சொன்ன வார்த்தையை நம்பினாள்.

மறுநாள் ஆடி மழை கூடிவிட்டது. வடக்கே வானம் கறுத்துக் கிடந்தது. நாச்சிக்கு முட்டை இடுகிற நேரம் வந்துவிட்டது. கூடு இல்லை. இனிமேல் போய் "நேத்து சொன்னது பொய்" என்று சொல்ல வாய் வருமா? பனைமரத்தடியில் போய் நின்று தவித்தாள். அங்கே வல்லூறு உதிர்த்த இறகுகள் கிடந்தன, பட்டை பட்டையாகக் கோடு போட்டவை. பக்கத்துக் கருவேலத்தில் பிசின் வடிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வல்லூறு இறகுகளை உடம்பெங்கும், வாலிலும்கூட, பிசின் வைத்து ஒட்டிக்கொண்டாள். இலந்தைப் புதருக்கு மேலே வந்து ஒரு வட்டம் அடித்தாள், அவ்வளவுதான். அடைகாத்துக்கொண்டிருந்த பேச்சாயியும் தங்கைகளும் "வல்லூறு, வல்லூறு" என்று அலறிக்கொண்டு சிதறி ஓடினார்கள். காலியாகக் கிடந்த கூட்டில் நீல நிறத்தில் நான்கு முட்டைகள். நாச்சியின் முட்டையும் அதே நீலம். ஐந்தாவதாக அதை வைத்தாள். கூட்டின் கதகதப்பில் ஒரு கணம் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுப் பறந்துபோனாள்.

பேச்சாயி திரும்பி வந்து பார்த்தாள். ஐந்து இருந்தது.

"நாலுதானே இருந்துச்சு" என்றாள் சடைச்சி. "யாரோ கொண்டுவந்து வச்சிருக்காங்க. தள்ளிவிடு."

"மழை வருது. முட்டை குளிர்ந்து கிடக்கு" என்றாள் பேச்சாயி. "முதல்ல அணைச்சு வைப்போம். கேள்வி கேக்குறதை அப்புறம் வச்சுக்கலாம்." ஐந்தின் மேலும் இறக்கையை விரித்து உட்கார்ந்தாள்.

நாச்சி திட்டம் போட்டிருந்தாள். மழை விட்டதும் இறகுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அக்காவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையைத் தானும் கூட இருந்து வளர்க்க வேண்டும். ஆனால் மூன்று நாள் மழையில் ஊறியும் ஓர் இறகுகூட அசையவில்லை. இழுத்தால் தோல் சேர்ந்து வந்தது. பேச்சாயி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மழைக்கும் விடாது, வெயிலுக்கும் விடாது. எடுக்கணும்னா எங்கிட்டதான் வரணும்.

போனாள். புங்கமரத்தை நோக்கி அவள் நிழல் விழுந்ததுமே மைனா ஓடியது, கொண்டலாத்தி ஓடியது, ஏழு பேரும் முள்ளுக்குள் பாய்ந்தார்கள். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். அந்த மரத்தடியில் அவளுக்கென்று இருந்த இடம் காலியாகவே கிடந்தது. அவள் இறங்கினாலோ, மொத்த இடமும் காலியாகிவிடும்.

கடைசியில் எட்ட இருந்த மருத மரத்தின் உச்சியில், இலைக்குள் உடம்பை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரலையாவது கேட்கட்டும் என்று, "அக்கா" என்றாள். அதற்கு மேல் சொல்ல வந்தது எவ்வளவோ. நான்தான் நாச்சி, நான் கட்டலை, பொய் சொல்லிட்டேன், உள்ளே இருக்கிறது என் பிள்ளை. ஒன்றும் வெளியே வரவில்லை. "அக்கா, அக்கா" என்று ஒவ்வொரு தடவையும் குரல் மேலே ஏறியது. ஏறி ஏறி, அழுகையில் பட்டென்று அறுந்தது. கொஞ்சம் பொறுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கீழே, இலந்தைப் புதருக்குள் பொரிந்திருந்த குஞ்சுகளுக்கு இரை கொடுத்துக்கொண்டிருந்த பேச்சாயி தலையைத் தூக்கினாள். ஐந்தாவது குஞ்சு மற்ற நான்கைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. வாயைத் திறந்துகொண்டே இருந்தது. ஏழு பேரும் மாற்றி மாற்றி ஊட்டியும் அதற்குப் போதவில்லை. அது தலையைச் சாய்த்துப் பார்க்கிற விதத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பேச்சாயிக்குப் பல நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. மேலே கேட்ட குரலையும் எதிரே இருந்த குஞ்சையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நாச்சிடீ" என்றாள் தங்கைகளிடம். "அவளுக்கு என்னமோ ஆகியிருக்கு. கூப்பிடுறா."

தான் அன்று சொன்ன வார்த்தை சடைச்சிக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊட்டிக்கொண்டிருந்த புழுவை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பேச்சாயி மருத மரத்தடிக்கே தத்திப் போய், "இறங்கி வா புள்ள. எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம். வந்து சொல்லு" என்று கத்தினாள். இந்தத் தடவை என்ன வந்தாலும் ஓடக் கூடாது என்று மண்ணைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாச்சி இறங்கினாள். இலைக்குள்ளிருந்து வெளிப்பட்டதோ கோடு போட்ட மார்பும் பட்டை வாலும். பேச்சாயிக்கு அது யாரென்று தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் அவள் முள்ளுக்குள் இருந்தாள். வெளியே "அக்கா" என்று ஒரே ஒரு முறை கேட்டது. அப்புறம் இறக்கைச் சத்தம் தூரப் போனது.

பிள்ளை பிழைத்தது. அதில் குறையில்லை. இறகு முளைத்தபோது அதற்கும் மார்பில் கோடும் வாலில் பட்டையும் வந்துவிட்டன. ஒரு நாள் மருத மரத்துக் குரலைக் கேட்டு, வளர்த்தவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அது பறந்துபோனது. பேச்சாயி சாகிறவரை, உச்சிவெயிலில் கூடி உட்காரும்போதெல்லாம் தன் பக்கத்தில் ஒருத்தி உட்காருகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். பிசினை எடுக்கிற பக்குவத்தைத் தங்கைகளுக்கும் சொல்லி வைத்துவிட்டுப் போனாள், நாச்சி எப்போதாவது வந்தால் தேவைப்படும் என்று.

கோடை முடிந்து மேகம் கட்டுகிற நாட்களில், கண்ணுக்குத் தெரியாத உச்சிக்கிளையிலிருந்து அக்காக்குயில் "அக்கா, அக்கா" என்று குரல் அறுகிறவரை கூப்பிடுவதும், அதைக் கேட்டு வேலியோரத்துத் தவிட்டுக்குருவிகள் ஒரு நொடி வாய் மூடி அண்ணாந்து பார்ப்பதும், அவள் இறங்கி வந்தால் சிதறி ஓடுவதும், நாச்சி "எல்லாம் சரியாப் போச்சு" என்று சிரித்துவிட்டுப் போன அந்த ஆடியில் ஆரம்பித்ததுதான்.