வானவில்லின் கயிறு

மொண்ணையூர்க்காரர்களைக் கேலி பேசுகிறவர்கள் பேசட்டும். எந்தச் சொல்லையும் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் நல்ல மனிதர்கள் அவர்கள். அந்த ஊர்க் காத்தமுத்துவுக்கு முப்பத்துநாலு வயதில்தான் பெண் அமைந்தது. ஏழு இடத்தில் வேண்டாம் என்ற பிறகு, புளியங்காட்டுச் செவ்வந்தி சரி என்றாள். கல்யாணத்தன்று காலை ஒன்பதுக்குள் முகூர்த்தம். இதுவும் தவறினால் தனக்கு இந்த ஜன்மத்தில் கல்யாணமில்லை என்று அவன் பயந்துகொண்டே இருந்தான்.

பெண் வீட்டுக்கு அரை மைல் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டு வேன் சேற்றில் சிக்கியது. எல்லாரும் இறங்கி நடந்தார்கள். முதுகில் வெயில், எதிரே தூறல். திடீரென்று புளியங்காட்டுக்கு மேலே ஏழு நிறத்தில் ஒன்று வளைந்து நின்றது.

"அந்தா பாரு!" என்றார் தாய்மாமன் சன்னாசி. மொண்ணையூரில் அதற்குப் பெயரே அதுதான். பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்!

சைக்கிளில் வந்த தமிழ் வாத்தியார் ஒருவர் காலை ஊன்றி நின்றார். "அதுக்குப் பேரு வானவில்லுங்க. வில்லு மாதிரி வளைஞ்சிருக்கில்ல, அதான் அந்தப் பேரு. இந்திரனோட வில்லுன்னும் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சந்தில் திரும்பிப் போய்விட்டார்.

சித்தப்பா குப்பமுத்து தலையை ஆட்டினார். "வாத்தியார் தப்பாச் சொல்றாரு. வில்லுன்னா வித்துடுன்னு அர்த்தம். வானத்தை வில்! யாரோ வானத்தை விக்கப் போறாங்க. மாட்டைச் சந்தைக்கு ஓட்டுறப்போ கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கிறோமில்ல, அது மாதிரிதான் இதுவும்."

எல்லாரும் யோசித்தார்கள்.

"யாரு வாங்குவா? இப்பவே ஒழுகுது" என்றார் சன்னாசி.

அதில் நியாயம் இருந்தது. ஆகவே அது அம்பு விடுகிற வில்தான் என்று முடிவாயிற்று.

"வில்லுன்னா கயிறு கட்டியிருக்கணுமே?" என்றான் காத்தமுத்து. கேட்டிருக்க வேண்டாம்.

சன்னாசி இரண்டு பக்கமும் பார்த்தார். வில்லின் ஒரு நுனி குளத்துப் பக்கம் இறங்கியது, மறுநுனி செங்கல் சூளைப் பக்கம். நடுவில் ரோடு. "கயிறு இந்த ரோட்டுக்குக் குறுக்கேதான் போகுது. கழுத்து உசரம் இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியலையே, மாமா?"

"தூண்டில் நரம்பு மீனுக்குத் தெரியுதா?"

காத்தமுத்து தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பட்டு வேட்டியோடும் பட்டுச் சேலையோடும் சேற்றில் தவழத் தொடங்கினார்கள். சீர்த்தட்டுகளை முன்னால் தள்ளிக்கொண்டே போனார்கள்.

"தாண்டிட்டோமா?" என்று நூறு அடிக்கு ஒரு தடவை கேட்டான் காத்தமுத்து.

"இல்ல மாப்ள. வில்லு இன்னும் முன்னாலதான் நிக்குது."

பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். பெண்ணின் அப்பா தவசியப்பன், "என்ன சம்பந்தி இது?" என்றார். சன்னாசி தரையிலிருந்தபடியே விளக்கினார். தவசியப்பன் முகம் வெளுத்தது. இத்தனை நேரம் பந்தலில் இருநூறு பேர் நின்றுகொண்டிருந்தார்களே!

"எல்லாரும் படுங்க!" என்று கத்தினார்.

முகூர்த்தம் தவறவில்லை. ஐயர் மல்லாந்து மந்திரம் சொன்னார். நாதஸ்வரக்காரர் ஒருக்களித்து ஊதினார். காத்தமுத்து குப்புறப் படுத்தபடி தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சுப் போடும்போது, இவளும் வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்று மெதுவாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"முழங்கையெல்லாம் சிராய்ச்சிருக்கே, வலிக்குதா?" என்றாள் செவ்வந்தி. "எனக்காக இவ்வளவு தூரம் தவழ்ந்து வேற யாரு வருவா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

படுத்தபடியே பந்தி நடந்தது. சாம்பார் இலையைவிடக் காதுகளில்தான் அதிகம் விழுந்தது. அந்த நேரத்தில் பெண்ணின் பெரியப்பா வீரணன், பஸ்ஸைத் தவறவிட்டவர், ரோடு வழியாக நிமிர்ந்து நடந்து, "நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க!" என்று சிரித்துக்கொண்டே பந்தலுக்குள் வந்தார்.

பந்தி அப்படியே உறைந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தவசியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமாறுகிறவனின் காலைப் பிடித்து இழுத்தார். "கழுத்து அறுபட்டது அண்ணனுக்கு இன்னும் தெரியல. யாரும் சொல்லிடாதீங்க. முதல்ல பாயசத்தைப் போடு. பாவம், தலை இருக்கும்போதே சாப்பிட்டுக்கட்டும்."