ஓங்கி அடித்த தந்தி

தியோர்போவைத் தோளில் சுமந்தபடி பெர்த்தோல்டோ வெனிஸ் நகரச் சந்துகளில் விறுவிறுவென்று வந்தார். ஆளைவிட உயரமான தந்தி வாத்தியம். அதன் நீண்ட கழுத்து ஆசிரியையின் வாசல் நிலையில் இடித்தது. அந்த நிலையின் மேலும் அவருக்குக் கோபம் வந்தது.

ஆசிரியை ஓர்சோலா அவரைவிடப் பத்து வயது இளையவர். தன் வாத்தியத்துக்குப் புதுத் தந்தி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு நியாயம் வேண்டும்!"

"உட்காருங்கள்."

"உட்கார மாட்டேன். நேற்று பாடகி நினெத்தாவுக்கு முதல் மேடை. முதல் மேடையில் குரல் உடைந்த பெண்ணை இந்த ஊர் மறுபடி பாட விடுமா?"

"விடாது."

"உச்சச் சுரத்துக்குப் போகும்போதே அவள் மூச்சு தள்ளாடியது. என் தாளில் என்ன இருக்கிறது? கீழ்ச்சுரங்கள், எந்தச் சுரம் சேரும் என்று காட்ட மேலே நாலு எண்கள். மற்றதையெல்லாம் அங்கேயே யோசித்து இட்டு நிரப்புவது என் வேலை. நிரப்பினேன். குரல் உடைந்த அதே நொடியில் தடித்த தந்தியை வேண்டுமென்றே தப்பாக ஓங்கி அடித்தேன். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது."

"அவளை?"

"ஒருவரும் கவனிக்கவில்லை. அவளுக்குக் கைதட்டல், பூச்செண்டு. எனக்கு வசவு! இனி வர வேண்டாம் என்று குழுத்தலைவர் சொல்லிவிட்டார்."

"அவள் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னாளே! 'வருத்தப்படாதீர்கள் ஐயா, எல்லோருக்கும் கை தவறுவதுதான்' என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். தன் குரல் உடைந்தது அவளுக்கே தெரியாது!" "நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்? வந்து உண்மையைச் சொல்லுங்கள்."

ஓர்சோலா தந்தியை மெல்ல இழுத்துக் கட்டினார்.

"பக்கத்தில் இருந்தவர், 'பெண்ணின் குரல் கீறியதுபோல் இருந்ததே' என்று ஆரம்பித்தார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"'குரலாவது, கீறலாவது! அந்தத் தியோர்போக்காரர் சுத்த உதவாக்கரை' என்றேன்."

பெர்த்தோல்டோவுக்கு இத்தனை வருஷம் இவரிடமா கற்றோம் என்று இருந்தது.

"ஊருக்குத்தான் தெரியாது. என் விரலைப் பழக்கிய உங்களுக்குமா தெரியவில்லை?"

"தெரிந்தது. நீங்கள் மூடியதை அவர் கிளறிவிடக் கூடாதே, அதனால்தான் நாலு வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்" என்றார் ஓர்சோலா. "அவளுக்கு நீங்கள் வாசித்தீர்கள். உங்களுக்கு யார் வாசிப்பது?"