உச்சிக்கிளை மூட்டை

சரக்... சரக்... பொத்து.

ஊர் அடங்கின நேரத்தில் ஆலமரத்துப் பக்கமிருந்து இப்படி ஒரு சத்தம் வந்தது. தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த சிலம்பாயியின் கை அப்படியே நின்றுவிட்டது.

எந்த ஊர், எந்தச் சிலம்பாயி என்கிறீர்களா? போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேளுங்கள், சொல்கிறேன்.

விழுதூர் என்று ஒரு ஊர். அந்த ஊர் உண்டாவதற்கு முன்னாலேயே அங்கே ஒரு ஆலமரம். எவ்வளவு பெரிசு என்றால், கிழக்குப் பக்கம் மழை பெய்தால் மேற்குப் பக்கம் நெல் காயப்போடலாம். அடிமரம் எது, விழுது எது என்று எண்ணப்போனவர்கள் மூன்று தடவை எண்ணி மூன்று விதமாகச் சொன்னார்கள். கல்யாணமான பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அதைத்தான் சுற்றி வருவார்கள். வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியோடு திரும்பிப் போவார்கள்.

அந்த மரம் முழுக்க மூட்டைகள் தொங்கும். மாடு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து, கோணியில் கட்டி, நாய் நரி எட்டாத உயரத்தில் தொங்கவிடுவார்கள். ஆலமரத்தைக் கீறினால் பால் வடிகிறதல்லவா, அதுபோல மாட்டுக்கும் பால் ஊறும் என்று நம்பிக்கை. கண் பட்டுவிடக் கூடாதென்று, அந்தி மயங்கியதும் சத்தமில்லாமல் வந்து கட்டிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

சிலம்பாயி வீட்டுக் காராம்பசுவும் அப்போதுதான் கன்று போட்டிருந்தது. அவள் புருஷன் உச்சிக்கிளையில் மூட்டையைக் கட்டிவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலையடிவாரம் போயிருந்தான். அவளுக்கோ காய்ச்சலில் மார்பில் பால் வற்றிவிட்டது. பச்சைக் குழந்தைக்குப் பசுவின் பால்தான் உயிர்.

அந்த நேரம் பார்த்து ராஜா புதிதாக ஒரு மணியக்காரரை அனுப்பினார். தில்லைநாதர் என்று பேர். கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், பாலைச் சொம்பில் தவிர வேறெங்கும் கண்டதில்லை. ஊரார் ஆசையாக அவரை மரம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள், அவர் மூட்டைகளைப் பார்த்தார். ‘சத்தமில்லாமல் வருகிறார்கள், எட்டாத இடத்தில் கட்டுகிறார்கள், கும்பிடுகிறார்கள். நகைதான், வேறென்ன?’ யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

உடனே தமுக்கு அடிக்கச் சொன்னார். “மரத்தில் முனி இறங்கியிருக்கிறது. மூன்று ராத்திரி யாரும் வெளியே வரக்கூடாது. நாலாம் நாள் ராஜா உத்தரவுப்படி மரம் வெட்டப்படும்.”

ஊரே சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது.

முதல் ராத்திரி சரக், சரக், பொத்து. மணியக்காரர்தான் ஏறிக் கீழ்க்கிளை மூட்டையை அறுத்துப் பார்த்தார், காய்ந்த வைக்கோலும் தூசியும். இரண்டாம் ராத்திரி சரக், சரக், பொத்து. நடுக்கிளை மூட்டை, அதுவும் அப்படியே. ‘இதெல்லாம் கண்துடைப்பு, அசல் உச்சியில் இருக்கிறது’ என்று முடிவு கட்டினார்.

மூன்றாம் ராத்திரி சரக், சரக் என்று சத்தம் மேலே மேலே போனது. கேட்டுக்கொண்டிருந்த சிலம்பாயி தொட்டிலை விட்டு எழுந்தாள். உச்சிக்குப் போகிறதே. மூட்டை போனால் பால் போகும், பால் போனால் பிள்ளை போகும். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய் நின்றாள்.

“முனியய்யா, கும்பிடுறேன். உச்சியில இருக்கிறதை மட்டும் விட்டுடு சாமி. அது போச்சுன்னா என் குடும்பமே போச்சு.”

மேலே இருந்தவருக்கு வாயெல்லாம் பல். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, “ஓடிப்போ பெண்ணே. நின்னா ரத்தம் கக்க வச்சிடுவேன்” என்றார்.

ஓடத்தான் திரும்பினாள். காலில் ஏதோ தட்டியது. நிலா வெளிச்சத்தில் பார்த்தால், மூக்கு வளைந்த ஒரு ஜோடி செருப்பு. ஊரிலேயே ஒரே ஒருத்தர் காலில் கிடக்கிற செருப்பு. முனி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டா மரம் ஏறும், நீங்களே சொல்லுங்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததும் பயம் விட்டுப்போனது.

“சரி சாமி, எடுத்துக்கோங்க. ஆனா மண்ணுல வைக்காம தலையிலதான் சுமக்கணும். வீட்டு நடுக்கூடத்துல போய்த்தான் அவுக்கணும். இல்லாட்டி பலிக்காது.”

“சரி சரி” என்றது முனி. முனிக்கு ஏது வீடு, ஏது கூடம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

இறங்கினார், மூட்டையைத் தலையில் வைத்தார், நடந்தார். நாலு நாள் ஆன மூட்டை. கனத்தது, தங்கம் கனக்கத்தானே செய்யும் என்று நினைத்தார். கழுத்தில் ஒழுகியது, எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். நாறியது, அதற்கு மட்டும் அவருக்கு ஒன்றும் நினைக்கத் தோன்றவில்லை.

முதலில் ஒரு நாய் வந்தது, அப்புறம் இன்னொரு நாய் வந்தது, அப்புறம் ஊர் நாயெல்லாம் வந்தது. அவர் ஓட, நாய்கள் ஓட, குரைப்புச் சத்தத்துக்கு ஊர் ஜனமெல்லாம் பந்தத்தோடு பின்னால் ஓட, அவர் வீட்டு வாசலிலேயே நாய்கள் வளைத்துக்கொண்டன.

“நாயைத் துரத்துங்கடா.”

“துரத்துறோம் எசமான்” என்று மூச்சு வாங்க வந்து நின்றாள் சிலம்பாயி. “மரம் வெட்ட ராஜா குடுத்த ஓலையைக் காட்டுங்க.”

“ஓலை வந்து...” ஒரு நாய் வேட்டியைக் கவ்வியது. “ஓலையும் இல்ல, உத்தரவும் இல்ல, முனியும் இல்ல.”

“அப்ப மரம்?”

“நிக்கட்டும் தாயே, ஆயிரம் வருஷம் நிக்கட்டும்.”

அவள் மூட்டையைக் கைக்குழந்தை மாதிரி பதனமாக இறக்கிக்கொண்டாள். அவர் மெல்ல, “அதுல என்னதான் இருக்கு?” என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் இரண்டு கையாலும் மூக்கை மூடிக்கொண்டார்.

மூட்டை அந்த ராத்திரியே உச்சிக்கு ஏறியது. விடிந்ததும் பசு செம்பு நிறையக் கறந்தது, குழந்தை குடித்துக் கொழுகொழுவென்று வளர்ந்தது. மரமும் அங்கேயே நிற்கிறது, இன்னும் நாலு விழுது கூடத்தான் விட்டிருக்கிறது. நீங்கள் போனால் பாருங்கள், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மணியக்காரர் என்ன ஆனாரா? ஜனம் கலைந்த பிறகு கதவைத் தட்டினார். அவர் பெண்சாதி கோமளம் ஒரு விரற்கடை திறந்து, மோந்து பார்த்தாள்.

“வாய்க்கால்ல போய் முழுகிட்டு, விடிஞ்சப்புறம் வாங்க.”

“நாய்ங்க நிக்குதுடி.”

“உங்களோடதானே வந்துச்சுங்க, உங்களோடயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.