பல் முளைத்த போன்

மெய்யம்மையின் மடத்தில் காலைச் சபையின்போது ஒருவர் அவர் எதிரே உட்கார்ந்து, வந்தவர்களுக்கு அவர் சொல்லும் பதிலைப் போனில் எழுதுவார். ஒலிப்பதிவு கிடையாது; வீட்டு விஷயம் பேச வருகிறவர்கள் கூசுவார்கள். எழுதியது மதியத்துக்குள் ஊர் ஊராக அன்பர்களின் வாட்ஸப் குழுக்களுக்குப் போய்விடும். அம்மா சொன்னார் என்றால் அந்த வீடுகளில் மறுபேச்சு இல்லை.

பல வருடங்களாக எழுதியவர் அம்பலவாணன். ஓய்வுபெற்ற தாசில்தார், அம்மாவைவிட வயதில் மூத்தவர். இந்த வாரம் அந்த இடத்தை, மடத்தில் புதிதாகச் சேர்ந்த மணிமொழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் தன் போனின் அடியில் சின்னக் கீபோர்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, போனுக்குப் பல்லு முளைச்சிருக்கு?" என்றார் அம்பலவாணன்.

"விரலுக்கு இடம் தெரியணும் ஐயா. வெறும் கண்ணாடியில எழுதினா கண்ணும் அங்கேயே போயிடுது."

"எல்லாத்தையும் உள்ளேயே வச்சுத்தான் கொடுத்திருக்கான். வெளியிலிருந்து ஒண்ணை ஒட்டுறது பற்று. வீட்டை விட்டு வந்தவ மூட்டை சேக்குற."

"உங்க மூக்குக்கண்ணாடி எந்த மூட்டையில வந்துது?"

பின்வரிசையில் சிரித்தார்கள். அம்பலவாணன் சிரிக்கவில்லை. நேராக மெய்யம்மையிடம் போனார்.

"இந்த இடத்துக்கு இவ சரிப்பட மாட்டா. துறவுன்னா என்னன்னே தெரியல."

"அம்மா, அவர் கேக்குறது துறவைப் பத்தி இல்ல. தன் இடத்தைப் பத்தி" என்றாள் மணிமொழி.

மெய்யம்மை இருவரையும் பார்த்தார். "இன்னிக்கு ரெண்டு பேரும் எழுதுங்க. யாருக்கு இடம்னு அப்புறம் பார்ப்போம்."

முதலில் வந்தவர் வேலுச்சாமி. திண்டுக்கல்லில் இரும்புக்கடை வைத்திருப்பவர்.

"மகளுக்கு டெல்லியில மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது? மனசு கேக்கல. அனுப்பவா, நிறுத்தவா?"

மெய்யம்மை பக்கத்துத் தட்டிலிருந்து நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றை உரித்தார். அதை வேலுச்சாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"அனுப்பாதீங்க" என்றார். வேலுச்சாமியின் விரல்களைப் பழத்தின்மேல் மூடினார். "நழுவ விடாதீங்க. நல்லா இறுக்கிப் பிடிச்சுக்குங்க."

மூடிய கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

வேலுச்சாமி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா" என்று எழுந்து, கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

"படிங்க" என்றார் மெய்யம்மை.

அம்பலவாணன் திரையிலிருந்து தலையைத் தூக்காமலே படித்தார். "மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பலாமா? அம்மா அருளியது: அனுப்பாதீங்க. நழுவ விடாதீங்க. நல்லா இறுக்கிப் பிடிச்சுக்குங்க."

ஒரு எழுத்துப் பிழை இல்லை.

மணிமொழி படித்தாள். அதே சொற்கள் இருந்தன. பிறகு: "சொல்லிக்கொண்டே பழத்தை அவர் கையில் வைத்து மூடி அழுத்தினார். அது கூழாகி விரலிடுக்கில் வழிந்தது. கையைத் திறந்தபோது உள்ளே பழம் இல்லை."

அம்பலவாணன் இப்போதுதான் நிமிர்ந்தார். "பழமா? எப்போ?"

"உங்க கண்ணு முன்னாடிதான் ஐயா."

"அம்மா சொன்னதைத்தானே நான் எழுதினேன்?"

"சொன்னதை மட்டும் எழுதினீங்க. இது மதியம் போயிருந்தா எத்தனை வீட்டுல எத்தனை பொண்ணுங்க படிப்பு நின்னிருக்கும்? அம்மாவே சொல்லிட்டாங்கன்னு நிறுத்தியிருப்பாங்க." "இத்தனை வருஷமாப் போனதெல்லாம் இப்படித்தானா?"

சபையில் பழம் நசுங்கியதை எல்லாரும்தான் பார்த்திருந்தார்கள்.

வேலுச்சாமி ஈரக் கையோடு வாசலில் நின்றிருந்தார். "இந்தப் பொண்ணு எழுதினதை எனக்கு அனுப்புங்க. மகளுக்கு அனுப்பணும். வாயால சொல்ல எனக்கு வராது."

மணிமொழி அனுப்பினாள். அவர் அதை மகளுக்குத் தள்ளிவிட்டார். சற்று நேரத்தில் அவர் போன் ஒலித்தது. படித்தவர் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்தபடி.

"பெட்டி கட்டவான்னு கேக்குறா. கட்டுன்னு போடும்மா. என் கை ஈரமா இருக்கு."

மணிமொழி அவர் போனை வாங்கி எழுதினாள். "கட்டு. ரெண்டு பெட்டியாவே கட்டு." இரண்டாவது வாக்கியம் அவளுடையது. வேலுச்சாமி அதையும் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"மணிமொழி எழுதினதே குழுவுக்குப் போகட்டும்" என்றார் மெய்யம்மை. "நாளையிலிருந்து அவளே எழுதட்டும்."

அம்பலவாணனுக்கு மனம் ஆறவில்லை. போனைப் பார்த்தபடியே கேட்டார்.

"அது சரிம்மா. ஆனாலும் அந்தக் கீபோர்டு வெளியிலிருந்து ஒட்டினதுதானே?"

"ஆமா, வெளியில இருக்கிறதுதான்" என்றார் மெய்யம்மை. "நானும் போனுக்கு வெளியிலதான் உக்காந்திருக்கேன். நிமிர்ந்து பாருங்க."