செவலை ஏன் கத்தவில்லை

"டாக்டரம்மா, ஒன்பது மாடு என் பேச்சைக் கேட்டுச்சு. இது ஒண்ணு மட்டும் ஏன் கேக்காது?"

இருதயராஜ் இப்படித்தான் ஆரம்பித்தார். கேட்கும்போதே மருந்தையும் ஊசியில் ஏற்றிவிட்டார்.

கால்நடை ஆய்வாளர் வேலையில் அவருக்கு இருபத்தாறு வருஷம். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. போன மாதம்தான், தன்னைவிடப் பதினெட்டு வயது இளைய டாக்டர் யசோதையிடம் போய், "இந்த ஹார்மோன் வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்கம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெட்கப்படவே இல்லை. அந்த ஒரு குணத்துக்காக அவருடைய மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

மன்னிக்க வேண்டியதும் நிறைய இருந்தது.

வித்தை இதுதான். மாட்டின் சினைப்பையில் முட்டை கிளம்பிப் போன இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு வளரும். அது உட்கார்ந்திருக்கும்வரை அடுத்த முட்டைக்கு வழி கிடையாது, மாடும் பருவத்துக்கு வராது. பதினாறு, பதினேழு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையே ஒரு சரக்கை அனுப்பித் திட்டைக் கரைத்துவிடும். அதே சரக்கு சீசாவிலும் கிடைக்கிறது. ஊசியில் ஏற்றிப் போட்டால் மூன்றாம் நாள் மாடு காளை கேட்டுக் கத்தும்.

திங்கட்கிழமை கொட்டாரம்பட்டியில் ஒன்பது மாடுகளை யசோதை கை விட்டுப் பரிசோதித்தார். இருதயராஜ் ஊசி போட்டார். வியாழக்கிழமை ஒன்பதும் சேர்ந்து கத்தியதில் டீக்கடை ரேடியோவே கேட்கவில்லை.

இருதயராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் போய் நின்று சிரித்துவிட்டு வந்தார். கை விட்டுப் பார்த்தது யார் என்பது மட்டும் அதற்குள் மறந்துபோய்விட்டது.

பத்தாவது மாடு, அங்காயியின் செவலை. வெள்ளிக்கிழமை காலையில் அதைத்தான் பார்க்க வந்திருந்தார்கள்.

"நாப்பத்தஞ்சு நாளுக்கு முன்னாடி கத்துச்சு. நீங்கதான்யா சினை ஊசி போட்டீங்க" என்றாள் அங்காயி. "ரெண்டாம் நாளு வாலெல்லாம் ரத்தம். சரி, சினை நிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கத்தவே இல்ல. வறடாப் போச்சுங்கறாரு கொழுந்தனாரு. நாளைக்குச் சந்தைக்கு ஓட்டிக்கிட்டுப் போறாராம். இதை அடிமாட்டுக்காரங்கதான் வாங்குவாங்களாம்."

சொல்லும்போது செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அதையெல்லாம் ராத்திரியே முடித்துவிட்டாள் போலிருந்தது.

"சந்தையாவது மண்ணாவது! திங்கட்கிழமை கத்த வைக்கிறேன் பாரு தாயி!"

இருதயராஜ் ஊசியைத் தூக்கினார்.

யசோதை தோள்வரை நீளும் கையுறை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, தூக்கிய அந்த ஊசியின் மேலேயே தொங்கவிட்டார்.

"எதுக்கும்மா? ரத்தம் பட்டிருக்கு, நிக்கல. அவ்வளவுதானே?"

யசோதை மாட்டைப் பார்த்தார்.

இருதயராஜ் ஊசியை மூடித் தட்டில் வைத்தார். முணுமுணுத்துக்கொண்டே கையுறையை மாட்டி, கையை உள்ளே விட்டார்.

அடுத்த நிமிஷம் அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா! வலது சினைப்பையில திட்டு இருக்கு! கொட்டைப்பாக்காட்டம் கிண்ணுன்னு உட்காந்திருக்கு! ஊசி நிச்சயமா கேக்கும்!"

"அதுக்கு ஆயுசு எத்தனை நாள் அண்ணே?"

"பதினேழு."

"அப்புறம்?"

"கர்ப்பப்பை கரைச்சிரும்."

"இது கத்தி எத்தனை நாள் ஆச்சு?"

"நாப்பத்தஞ்சு."

"ஏன் கரைக்கல?"

இருதயராஜ் திட்டை மறுபடி ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார்.

"நடுவுல கத்தாமலே ஊமைப் பருவம் வந்து போயிருக்கலாம். இது புதுத் திட்டா இருக்கும்."

"இருக்கலாம்."

"உள்ள சீழ் கட்டியிருந்தாலும் கரைக்காதும்மா."

"ஆமா."

"இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

உள்ளே இருந்த கை சினைப்பையை விட்டுவிட்டு மெதுவாக நகர்ந்தது. கர்ப்பப்பையின் இடது கிளை மெலிந்து கிடந்தது. வலது கிளை அப்படி இல்லை. தோல் மெலிசாகி, உள்ளே தண்ணீர் தளும்பியது.

கை அங்கேயே நின்றது.

"ரத்தம் பட்டுச்சேம்மா?"

"பருவம் முடிஞ்சா படும். நின்னாலும் படும், நிக்காட்டியும் படும்."

ரத்தம் பட்டால் நிற்கவில்லை என்று இருபத்தாறு வருஷமாக ஊர் ஊராகச் சொல்லிவந்தவரே இருதயராஜ்தான். அங்காயிக்கும் அவர்தான் சொல்லியிருந்தார்.

யசோதை ஸ்கேன் கருவியின் முனையை அவரிடம் கொடுத்தார். அவர் அதைக் கைக்குள் வைத்து உள்ளே கொண்டுபோனார். சின்னத் திரையில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அதன் நடுவே பேரீச்சம்பழ அளவில் ஒன்று மிதந்தது. அதன் நடுவிலும் ஏதோ ஒன்று விடாமல் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

இருதயராஜ் திரையைப் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தார்.

"போட்டிருந்தா திட்டும் கரைஞ்சு, கன்னும் கலைஞ்சு, மூணாம் நாளு இதுவும் கத்தியிருக்கும்மா. பத்துக்குப் பத்துன்னு நானும் ஊரெல்லாம் சிரிச்சுக்கிட்டு..."

கையை உருவிக்கொண்டார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஊசி மருந்து அத்தனையையும் சாக்கடையில் பீய்ச்சினார்.

அங்காயி பதறிப்போனாள்.

"என்னய்யா, மருந்தைக் கொட்டிட்டீங்க? அப்ப மாடு எப்பத்தான் கத்தும்?"

"கத்தாது தாயி!" இருதயராஜ் கத்தினார். ஒன்பது மாடும் சேர்ந்து கத்தியதைவிட அது பெரிதாக இருந்தது. சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "இப்போதைக்குக் கத்தவே கத்தாது!"

"ஐயோ, நீங்க சொல்லியும் கேக்காதா?"

"நான் யாரு சொல்றதுக்கு? அது உள்ள இருக்கிறவரு பேச்சைக் கேட்டுக்கிட்டிருக்கு தாயி!"