பிள்ளை தலையில் விழாத சாப்பாடு

ஆவாரங்குளத்தில் முட்டாள்களே கிடையாது. கொம்பையா அப்படித்தான் சொல்லுவார், அவருடைய தம்பிகள் மூன்று பேரும் ஆமாம் என்பார்கள். நாலு பேர் சொன்னால் நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசித் தம்பி சுடலைமுத்துவின் பெண்டாட்டி பேராச்சிக்கு நாலாம் மாதம். எடை பார்க்க அவளை அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு நாலு பேருமே போனார்கள். ஒருத்தன் போனால் பாதிதான் காதில் விழும் என்பது மூத்த தம்பி மாடக்கண்ணுவின் கருத்து. நர்ஸ் ஜெசிந்தா எடையை அட்டையில் எழுதிவிட்டு, “நல்லாச் சாப்பிடும்மா. நீ சாப்பிடுதது எல்லாம் வயித்துப் பிள்ளைக்கும் போய்ச் சேரும்” என்று சொல்லி அனுப்பினார்.

நாலு பேர் காதிலும் அது முழுசாக விழுந்தது. தொலைந்தது.

பாதி வழியில் கொம்பையா நின்றுவிட்டார். “எல்லாம்னு சொன்னாகளே. மீன் தின்னா முள்ளும் சேந்துதான போவும்?”

தம்பிகளுக்கு வேர்த்துவிட்டது. “உள்ள வெளிச்சமும் கிடையாது. பச்சப்பிள்ளை எப்படிண்ணே முள்ளு பாத்துத் திங்கும்?” என்றான் நடுத்தம்பி இசக்கி.

அன்றோடு மீன் நின்றது. மறுநாள் மிளகாய் நின்றது. பிள்ளையின் கண்ணில் பட்டால் கசக்குவதற்குக் கை முளைத்திருக்கிறதோ இல்லையோ, யார் கண்டது? சுடுசோறு கொட்டினால் பிள்ளை வெந்துபோகும், ஆறின சோறு என்றால் ஜலதோஷம் பிடிக்கும். முருங்கைக்கீரை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். பால் குடித்தால், பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்துத் தலையில் ஊற்றிவிடும். தண்ணீரை ஒவ்வொரு மடக்காக, நடுவில் நிறுத்தி நிறுத்திக் குடிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

முட்டைக்கு மட்டும் பெரிய விவாதமே நடந்தது. அவித்த முட்டை பொரிக்காது என்று பேராச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வயிற்றுச் சூட்டில் எதுவும் நடக்கலாம், பிள்ளையும் கோழிக்குஞ்சும் ஒரே இடத்தில் இருந்தால் கொத்தாமல் விடுமா என்று மாடக்கண்ணு கேட்டான். அதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களாலும் முடியாது.

கடைசியில் மிஞ்சியது பொரி. தலையில் விழுந்தாலும் வலிக்காது. ஒதுக்கிய மீனையும் முட்டையையும் வீணாக்கக் கூடாதே என்று அண்ணன் தம்பிகளே வருத்தத்தோடு தின்றார்கள். வருத்தத்தில் இசக்கிக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

பேராச்சிக்கோ பசி. குழம்பு கொதிக்கிற வாசம் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுவாள். மாசமான பெண்ணைப் பட்டினி போட்டவர்களை நான் நன்றாகத் திட்டுவேன். ஆனால் பாவிகள் பாசத்தோடு போட்டார்கள், பொரியைக்கூட ஊதி ஊதித்தான் கொடுத்தார்கள். வைதால் யாருக்குப் புரியும்?

அடுத்த மாதம் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. இப்படியே போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று ஜெசிந்தா சத்தம் போட்டார். அண்ணன் தம்பிகள் தங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளை வரிசையாக எடுத்துச் சொன்னார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, சாப்பாடு அப்படியே போகாது, செரித்துச் சத்தாகித் தொப்புள்கொடி வழியாகத்தான் போகும் என்று பொறுமையாக விளக்கினார்.

“கொடி வழியாவா?” என்றார் கொம்பையா கவலையோடு. “அது குறுகலா இருக்குமே. நடுவுல முட்டை சிக்கிக்கிட்டா யாரு எடுக்கது?”

ஜெசிந்தா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். நிறுத்தாமல் குடித்தார்.

அன்று சாயங்காலம் பிள்ளை முதல் தடவையாக உதைத்தது. பேராச்சி வயிற்றில் கை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், அவளுக்குப் புத்தி மட்டும் பறக்காமல் நின்றது.

“அத்தான், பிள்ளை உதைக்கான். பொரி பிடிக்கலையாம். மீன் கேக்கான்.”

நாலு பேரும் ஓடிவந்து வயிற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். “முள்ளு இருக்குமேன்னு சொல்லு தாயி” என்றார் கொம்பையா.

“முள்ளை எடுத்துப் போட வெளிய ஆளு இல்லையான்னு கேக்கான்.”

இது ஏன் தங்களுக்குத் தோன்றவில்லை என்று ஆளாளுக்கு வியந்தார்கள். நம்ம புத்தி அப்படியே வந்திருக்கிறது என்று கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து பிள்ளையைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள். மாடக்கண்ணு வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து, “முட்டையா? கீரையா? கடலை மிட்டாயா?” என்று வாசிப்பான். “உதைச்சிட்டான்” என்பாள் பேராச்சி. பாகற்காய்க்கு மட்டும் பிள்ளை கடைசிவரை அசையவே இல்லை. இசக்கி முள் எடுத்தான், சுடலைமுத்து முட்டை உரித்தான். அவள் வயிறார, மனசாரச் சாப்பிட்டாள். எனக்கே இப்போதுதான் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது.

பிள்ளை மூன்றேகால் கிலோவில் பிறந்தது. பெண். இத்தனை நாள் ஆம்பிளை மாதிரி அதிகாரம் பண்ணினாளே என்று கொம்பையா ஆச்சரியப்பட்டார்.

ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போட அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெசிந்தா ஊசி போட்டதும் பிள்ளை வீறிட்டு அழுது, இரண்டு காலாலும் உதை உதை என்று உதைத்தது.

“பாத்தீகளா, இன்னும் கேக்கா” என்றார் கொம்பையா பெருமையாக. அடுத்தது அடுத்த மாதம்தான் என்றார் ஜெசிந்தா. “அப்ப மிச்சத்தை எங்களுக்குப் போடுங்க. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை வீணாக்குத வழக்கம் எங்க வீட்டுல கிடையாது” என்று கொம்பையா சட்டைக் கையைச் சுருட்டினார். தம்பிகளும் சுருட்டிக்கொண்டு பின்னால் வரிசையில் நின்றார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் போட இது சுண்டல் இல்லை என்று ஜெசிந்தா மறுத்துவிட்டார். பிள்ளையின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த பேராச்சி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அந்தப் பொரி நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“கேக்குத விதமாக் கேட்டாத் தருவாக, அத்தான்” என்றாள் கொம்பையாவிடம்.

கொம்பையா கொஞ்சம் யோசித்தார். பிறகு துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, அங்கன்வாடிப் பாயில் மல்லாந்து படுத்தார். தம்பிகளும் பக்கத்தில் வரிசையாகப் படுத்தார்கள். நாலு பேரும் வேட்டியை இறுக்கிக்கொண்டு, காலைத் தூக்கி உதைக்க ஆரம்பித்தார்கள்.