மை பூசாத ஏடு

படீரென்று பானை உடைந்தது. கொதிக்கும் மஞ்சள் தண்ணீர் தெறித்துச் சடைச்சியம்மையாரின் காலைச் சுட்டது. அவிந்த பனையோலைகள் புழுதியில் சரிந்தன. கல்லெறிந்தவர் கோயில் கணக்கர் அனவரதம்.

"ஏட்டி, ஓலை அவிக்கிறவளுக்கு எழுத்தாணி எதுக்கு? என்னத்தக் கிறுக்குத?"

"நான் பட்டதச் சாமிக்கு எழுதுதேன் அய்யா."

"ஒன் கதையப் படிக்கத்தான் ஈசன் சோலியத்து உக்காந்திருக்காரோ!"

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள்.

நெடுங்கரைக் கோயிலுக்கு ஏடு பதப்படுத்திக் கொடுப்பது அம்மையாரின் தொழில். ஒவ்வோர் ஓலையையும் 'சிவசிவ' என்று சொல்லித்தான் உலர்த்துவார். அந்த ஓலை கருவறைக்குள் போகும். அவர் கோபுரவாசலைத் தாண்டக் கூடாது. கணவர் பனையிலிருந்து விழுந்து இறந்தார். ஊர்க்கிணறு மறுக்கப்பட்டதால் குட்டைநீர் குடித்த ஒரே மகள் பேதியில் போனாள். கோயில் கழித்துப்போட்ட ஏடுகளைப் பார்த்தே எழுத்துப் பழகிய அம்மையார், இதையெல்லாம் இறைவனுக்கு எழுதி வந்தார்.

எழுதிய ஏடுகள் அத்தனையையும் கொளுத்திவிட்டு, எழுத்தாணியைக் குளத்தில் வீசினார் அனவரதம்.

அம்மையார் அந்தச் சாம்பலையே திருநீறாகப் பூசிக்கொண்டார். மறுநாள் சாக்குத் தைக்கும் கோணூசியால் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். ஆனால் மை தடவவில்லை. தடவாவிட்டால் ஓலையில் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

திருவாதிரையன்று புதிய வெற்றேடு ஒன்றை இறைவன் திருவடியில் வைப்பது அவ்வூர் வழக்கம். அம்மையார் தாம் எழுதிய ஏட்டுக்கட்டையே வாசலில் வைத்தார். தீட்டுக்கு அஞ்சிய அனவரதம் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை; தண்ணீர் தெளித்து உள்ளே அனுப்பினார்.

உச்சிகாலத்தில் சாத்திய நடையை மாலையில் திறந்த குருக்கள் திகைத்து நின்றார். கட்டு அவிழ்ந்து கிடந்தது. ஓலைதோறும் விளக்குக்கரி படிந்து, எழுத்துகள் கருகருவென்று எழுந்து நின்றன.

அனவரதம் வாங்கிப் படித்தார். 'கணக்கர் கல்லெறிந்தார். அந்தக் கையும் நீ படைத்ததுதானே என்று பொறுத்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டே செத்த என் மகளின் குரலைத்தான் பொறுக்க முடியவில்லை.'



குருக்கள் கோபுரவாசலுக்கு ஓடிவந்து, வெளியே நின்ற அம்மையாரைக் கைகூப்பினார். "தாயே, ஒங்க எழுத்த ஈசன் ஏத்துக்கிட்டார். உள்ள வாங்க."

தமக்கென்று எதையும் கேட்டறியாத அந்த அடியார் அசையவில்லை.

"அவரு படிச்சாச்சுல்லா, எனக்கு அது போதும் சாமி. எங்க தெருவுல இன்னும் பிள்ளைய இருக்கு. அந்தக் கெணத்தத் தொறந்து விடுங்க."